ஸ்லாட்டர் வம்சத்தின் போர்க்களம்

ஹாலிஃபாக்ஸ், இங்கிலாந்து,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய வினிஃப்ரெட் மதினி அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் தம்பி மனைவி நோரீன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். சமையலறைக் கூரை சுகமில்லை, அதைப் போன கடிதத்திலேயே தெரிவித்திருக்கிறேன். அங்கே அடிலெய்டில் நீங்களும், புதிதாக மாற்றிய உங்கள் வலது முழங்காலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய குடும்பச் சின்னம் வந்து சேர்ந்தது. சிவப்புக் கேடயம், குறுக்கே இரண்டு வாள், நடுவில் வெட்டுப்பட்ட ஒரு தலை. வழியில் உறை கிழிந்துவிட்டதால் தபால்காரரும் அதைப் பார்த்துவிட்டார். முன்பெல்லாம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர், அன்றிலிருந்து கடிதத்தைக் கதவுத் துவாரத்தில் தள்ளிவிட்டு ஓட்டமாக ஓடிவிடுகிறார்.

நீங்கள் இட்ட உத்தரவை நிறைவேற்றிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நிறைவேற்றிய விதத்தில் சில மாறுதல்கள் ஏற்பட்டுவிட்டன. உங்கள் தம்பி சிரிலின் அஸ்தியை நம் பூர்வீகமான ஸ்லாட்டர் கிராமத்துக்குக் கொண்டுபோய், நம் முன்னோர் எதிரிகளை வெட்டிக் குவித்து, கொலை என்று அர்த்தம் வருகிற அந்தப் பெயரைச் சம்பாதித்த போர்க்களத்தைத் தேடிப் பிடித்து, அங்கே தூவிவிட்டு வா என்று எழுதியிருந்தீர்கள். தூவும்போது வாசிக்க வேண்டிய உரையையும் நீங்களே எழுதி வைத்திருந்தீர்கள். போர்க்களத்தின் சரியான பெயரை விசாரித்து எழுதினால் ஈஸ்டருக்கு நீங்கள் வரும்போது சர்ச் தோட்டத்தில் வைக்கப்போகும் நினைவுக்கல்லில், வாள்களுக்குக் கீழே, அதைப் பொறித்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தீர்கள்.

அஸ்தியை இரண்டு வருஷமாக வீட்டில் வைத்திருந்ததற்கு நீங்கள் கோபித்துக்கொண்டது நியாயம்தான். என்ன செய்வது, ஜாடியைத் தேயிலை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பழகிவிட்டது. காலையில் கெட்டிலைப் போட்டுவிட்டு மழை வருமா வராதா என்று அவரிடம் கேட்பேன். உயிரோடு இருந்தபோதும் அவர் அதற்குப் பதில் சொன்னதில்லை, அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போய் எங்கோ விட்டுவிட்டு வருவதற்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கார் ஓட்டியது பக்கத்து வீட்டு பெரில் அக்ராய்ட். சிரிலின் இறுதிச் சடங்கன்று உங்களிடம் கங்காரு மாமிசம் கோழி மாதிரி இருக்குமா ஆடு மாதிரி இருக்குமா என்று விடாமல் விசாரித்தாளே, அவள்தான். கிளம்புவதற்கு முன் தங்கும் விடுதிக்கு நான் போன் செய்தேன். எடுத்த பெண் பெயர் கேட்டாள். ஸ்லாட்டர் என்றேன். அது ஊர்ப் பெயர், உங்கள் பெயர் என்ன என்றாள். அதுதான் என் பெயரும் என்றேன். சரி, எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, என் வீட்டுக்காரரைத் தூவிவிட்டுப் போக வருகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். பதிவேட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் மெதுவாக, "அவருக்கும் சேர்த்து ரூம் போடணுங்களா?" என்றாள். வேண்டாம், அவர் பையிலேயே இருந்துகொள்வார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நெடுஞ்சாலை முழுக்க மழை. சிரிலைப் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிட்டோம். பெரிலுக்கு ஒரு பழக்கம், எதையாவது சொல்லும்போது கேட்பவரின் முகத்தைப் பார்த்தால்தான் அவளுக்குப் பேச்சு வரும். அவளுக்கு வலது இடது வேறு சரியாகத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு ஸ்லாட்டரில் இருக்க வேண்டிய நாங்கள் ஒரு பன்றிப் பண்ணையின் வாசலில் காருக்குள் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் சாப்பிட்டோம். அங்கிருந்து ஒரு வழியாகத் திரும்பி ஊருக்குப் பக்கத்தில் வந்தால், மதினி, நீங்கள் சொல்லாத ஒரு விஷயம் கைகாட்டிப் பலகையில் எழுதியிருந்தது. ஸ்லாட்டர் ஒன்றல்ல, இரண்டு. மேல் ஸ்லாட்டர் ஒரு பக்கம், கீழ் ஸ்லாட்டர் ஒரு பக்கம். பெரில் நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டு, "உங்க வம்சம் இதுல எது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். "உன் நாத்தனாரு மேல், நீ கீழ். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள். அவள் பேச்சை நீங்கள் பெரிதுபடுத்தக் கூடாது. விடுதி கீழ் ஸ்லாட்டரில் இருந்ததால் இரவு அங்கே தங்கினோம். நினைவுக்கல்லில் கீழ் என்று பொறிக்க நீங்கள் ஒருநாளும் சம்மதிக்க மாட்டீர்கள் என்பதால், காலையில் சிரிலைத் தூக்கிக்கொண்டு மேல் ஸ்லாட்டருக்குப் போனோம்.

போர்க்களத்தை விசாரிக்க சர்ச்தான் சரியான இடம் என்று உள்ளே நுழைந்தோம். மிஸஸ் இன்ஸ்கிப் என்று ஒரு அம்மா பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். சண்டை நடந்த இடம் எங்கே என்று கேட்டேன். சண்டையா, யாருக்கும் யாருக்கும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். போன மாதம் வண்டி நிறுத்துவது பற்றி ஒரு வாக்குவாதம் நடந்ததாம், அதைத்தான் நாங்கள் விசாரிக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். ஊர்ப் பெயருக்குக் காரணமான சண்டை என்று விளக்கினேன். அப்படி ஒன்றைத் தான் கேள்விப்பட்டதில்லை என்றும், ஆனால் யுத்தத்துக்குப் போனவர்களின் பெயர்ப் பலகை ஒன்று ஊர் மண்டபத்தில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன் என்றும் சொன்னாள்.

பலகையில் இரண்டு உலக யுத்தத்துக்கும் போனவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அதில் ஸ்லாட்டர் யாராவது இருக்கிறார்களா என்று நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். ஒருவரும் இல்லை. இறந்தவர்கள் இத்தனை பேரா, சின்ன ஊருக்கு இது அதிகம் என்று பெரில் சொன்னாள். அதற்கு மிஸஸ் இன்ஸ்கிப் தலையை ஆட்டினாள்.

"இது செத்தவங்க பேர் இல்லம்மா. போனவங்க பேரு. போன எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க. ரெண்டு தடவையும்."

மதினி, நம் சர்ச் வாசலில் இருக்கும் கல் உங்களுக்கு நினைவிருக்கும். இடம் போதாமல் பக்கவாட்டிலும் பெயர் வெட்டியிருப்பார்கள். உங்கள் சித்தப்பாக்கள் இரண்டு பேரும் அதில் ஒருவர் கீழே ஒருவராக இருக்கிறார்கள். இந்த நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் அப்படி ஒரு கல் நிற்கிறது. அப்படியிருக்க, கொலை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் இந்த ஊரில் மட்டும் ஒருத்தன் பாக்கியில்லாமல் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். பெரிலின் தாத்தா பிரான்ஸில் யுத்தத்தில் செத்தவர். அவள் கைப்பையைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கைக்குட்டை தேடினாள். இத்தனை வருஷத்தில் பேசாமல் இருந்த பெரிலை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெளியே வந்ததும், பெயர் விஷயம் என்றால் மிஸ்டர் த்ரப்பைத்தான் கேட்க வேண்டும் என்று மிஸஸ் இன்ஸ்கிப் சொல்லி வீட்டைக் காட்டினாள். கில்பர்ட் த்ரப், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர், ஊர்ப் பெயர்களும் குடும்பப் பெயர்களும் எப்படி வந்தன என்று மாதர் சங்கங்களில் போய்ப் பேசுகிறவர். கூப்பிட ஆள் இல்லாத மாதங்களில் வீட்டில் தவித்துக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. என் பெயர் ஸ்லாட்டர் என்று சொன்னதும் இரண்டு கையையும் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டார். பெரில் தன் பெயர் அக்ராய்ட் என்றாள். ஓக் மரக்காட்டை வெட்டித் திருத்திய இடம், யார்க்‌ஷயர்ப் பக்கத்து அழகான பெயர் என்று மூச்சு விடாமல் சொன்னார். பெரில் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

நான் உங்கள் கேடயத்தின் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, இந்த வாள்கள் எந்தப் போரில் பயன்பட்டவை என்று பணிவாகக் கேட்டேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார். பையில் யார் இருக்கிறார் என்று அதற்குள் பெரில் சொல்லியிருந்தாள்.

"மேடம், இந்த ஊர்ல போர்னு ஒண்ணு நடக்கவே இல்ல. கொல்றதுன்னு அர்த்தம் வர்ற சொல் வேற, அது கடல் தாண்டி வந்த சொல். இந்த ஊர்ப் பேர் அதுக்கும் பழசு. நாளாக ஆக ரெண்டும் வாய்க்கு ஒரே மாதிரி வந்துருச்சு, அவ்வளவுதான்."

"அப்ப இந்த ஊர்ப் பேருக்கு என்னங்க அர்த்தம்?" என்றேன்.

"சேறு. பழைய இங்கிலீஷ்ல சேத்து நிலம், சொதசொதன்னு தண்ணி நிக்கிற எடம். பெரும்பாலும் அதுதான். ஊருக்கு அந்தப் பேரு, ஊர்லருந்து போனவங்களுக்கும் அந்தப் பேரு."

மதினி, நான் மட் குடும்பத்தில் பிறந்தவள் என்பதை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை, நீங்கள்தான் எனக்கு அடிக்கடி நினைவுபடுத்துவீர்கள். சொன்னால் யார் காதிலும் சேறு என்றுதான் விழும். பள்ளிக்கூடத்தில் என் நாற்காலியில் ஈர மண்ணை அப்பி வைப்பார்கள். எங்கள் கல்யாண விருந்தில் மாமா, அதாவது உங்கள் அப்பா, எழுந்து நின்று, சேற்றில் கிடந்த பெண்ணை எங்கள் வீரவம்சம் கைகொடுத்துத் தூக்கியிருக்கிறது என்று பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "தூக்கினா மட்டும் ஆச்சா, கழுவ வேண்டாமா?" என்று பக்கத்தில் இருந்த எடித் அத்தையிடம் சொன்னீர்கள். எனக்கும் கேட்டது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக வைத்துக்கொள்ளாமல்தான் இருக்கிறேன்.

மிஸ்டர் த்ரப் சேறு என்று சொன்னதும் பெரில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் இருக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பிரயோஜனமில்லை. அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அக்ராய்ட் குடும்பத்துச் சிரிப்பு உங்களுக்குத் தெரியாது, அது ஆளைக் கீழே தள்ளிவிடும். நாற்காலியிலிருந்து சரிந்து தரைவிரிப்பில் உட்கார்ந்துவிட்டாள். மிஸ்டர் த்ரப் தண்ணீர் கொண்டுவந்தார். "அப்ப இவ சேத்துலருந்து கிளம்பி சேத்துக்கே வந்து சேர்ந்திருக்கா சார்," என்று சிரித்துச் சிரித்து அழுதுகொண்டே அவரிடம் விளக்கினாள். அவருக்கு அது சரித்திர ரீதியாக ரொம்பத் திருப்தியாக இருந்தது. என் பிறந்த வீட்டுப் பெயரையும், மாமாவின் அப்பா பெயரையும், அவர் பிறந்த ஊரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. வெளியே வந்து சர்ச் சுவரோரம் பையை இறக்கி வைத்தபோது ஒரு கதை நினைவுக்கு வந்தது. நீங்கள் சின்ன வயதில் சிரிலுக்குக் கதை சொல்லுவீர்களாமே, நம் முன்னோர் ஒருவர் ஒரு பாலத்தில் தனியாக நின்று ஒரு படையையே தடுத்தார் என்று. பள்ளிக்கூடத்தில் யாராவது அடித்துவிட்டால் அவர் அந்தக் கதையைத்தான் தனக்குள் சொல்லிக்கொள்வாராம், என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சேற்றுக்குட்டையை வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அப்படியே வீட்டுக்குத் திரும்பி, போர்க்களம் பச்சைப்பசேல் என்று இருந்தது என்று உங்களுக்கு எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பெரிலிடம் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சிரில் யாரையாவது வெட்டியிருப்பாருன்னு உனக்குத் தோணுதா, நோரீன்?"

உங்கள் தம்பி நகராட்சிப் பூங்காவில் முப்பத்தைந்து வருஷம் சாமந்தி நட்டவர். செடியைத் தின்கிற நத்தைகளை மற்ற தோட்டக்காரர்கள் உப்புப் போட்டுக் கொல்வார்கள். இவர் அவற்றை வாளியில் பொறுக்கிக்கொண்டு ரயில்பாதை ஓரம் போய் விட்டுவிட்டு வருவார். சவரம் பண்ணும்போது ரத்தம் வந்தால் குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிடுவார், நான் போய் பஞ்சு வைக்க வேண்டும். ஸ்லாட்டர் என்று சட்டையில் பெயர்ப் பட்டை குத்திக்கொண்டு அவர் ரோஜாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கிளை வெட்டுவதைப் பார்த்து குழந்தைகள் பயந்ததும் உண்டு, சிரித்ததும் உண்டு.

ஆகவே பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் சேற்றில் தூவுவதும் இல்லை. நல்ல மேடான, உலர்ந்த, கௌரவமான ஒரு இடமாகப் பார்த்து உங்கள் உரையையும் வாசித்துவிட்டுத் தூவிவிடலாம் என்று ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த புல்வெளிக்குப் போனோம். தூறல் போட்டது. பெரில் குடை பிடித்தாள். நான் ஜாடியின் மூடியைத் தளர்த்தி ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையில் உங்கள் காகிதத்தைப் பிடித்து, "மாவீரர் வழிவந்தவனே, உன் முன்னோர் குருதியால் நனைத்த இந்த மண்ணில்" என்று ஆரம்பித்தேன். உரக்க வாசிக்கச் சொல்லியிருந்தீர்கள். உரக்க வாசித்ததுதான் தப்பு. மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தீனி போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எங்களை நோக்கி வர ஆரம்பித்தன. நான் நிறுத்தவில்லை. உங்கள் உரையை நடுவில் நிறுத்துவது மரியாதையில்லை. குரலைத் தாழ்த்தினேன், இன்னும் சரியாகக் கேட்க வேண்டும் என்று அவை இன்னும் பக்கத்தில் வந்தன. வெள்ளை நெற்றிக்காரி ஒருத்தி வந்து உங்கள் இரண்டாவது பக்கத்தை முகர்ந்து பார்த்தாள். நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். பெரில் குடையை விரித்து மூடி மாடுகளை விரட்டினாள். நான் இன்னொரு அடி வைத்தேன். அங்கே தரை இல்லை.

மேலே புல் இருந்தது, மதினி, நன்றாகப் பச்சையாக இருந்தது. கீழேதான் ஒன்றுமில்லை. வலது கால் முழங்கால் வரை போய்விட்டது. இடது காலை ஊன்றி இதை எடுக்கலாம் என்று பார்த்தால் அதுவும் போய்விட்டது. பெரில் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் பிடித்தது ஜாடி இருந்த கை. மூடி ஏற்கெனவே தளர்ந்திருந்தது. எல்லாம் ஒரு நொடிதான். நான் இடுப்புக்குக் கீழே சேற்றில் நின்றுகொண்டிருந்தேன், பெரில் குப்புற விழுந்து கிடந்தாள், மாடுகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தன, உங்கள் தம்பி எனக்கு முன்னால் சாம்பல் நிறமாகக் கொஞ்ச நேரம் மேலே இருந்துவிட்டு மெதுவாக, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், உள்ளே போனார். அவர் ஒரு அறையை விட்டு வெளியே போவதும் அப்படித்தான் இருக்கும். போன பிறகுதான் போய்விட்டார் என்று தெரியும்.

அப்போது நான் அழவில்லை. இறுதிச் சடங்கன்றும் அழவில்லை, நீங்கள் அதைக் கவனித்து எடித் அத்தையிடம் சொன்னீர்கள். உங்கள் காகிதம் நனைந்து எழுத்தெல்லாம் ஓடிவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, நன்றாகச் சாப்பிட்டாயா, குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொண்டாயா என்று கேட்கிற மாதிரி இரண்டு வார்த்தை சொன்னேன். கல்யாணமான புதிதில் அவரை வா போ என்றுதான் தனியாக இருக்கும்போது கூப்பிடுவேன், அதுதான் வாயில் வந்தது. அப்புறம் ஏனோ தேம்பித் தேம்பி அழுதேன். இரண்டு வருஷத்து அழுகை. பெரில் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தலைக்குக் குடை பிடித்தாள். அவளும் தலையிலிருந்து கால் வரை சேறு, இனி குடை எதற்கென்று இருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் சத்தம் கேட்டு மிஸ்டர் த்ரப் ஒரு மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் பலகையைப் போடாமல் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் ஒரு பரவசம். "இதுதான் மேடம். சரியா இதுதான் அந்தச் சொல். இத்தனை வருஷமா கூட்டத்துல சொல்லியிருக்கேன், கண்ணால இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றார். பலகையைப் போடுங்கள் என்று பெரில் சொன்ன விதத்தை நான் எழுத முடியாது. என்னை வெளியே எடுத்தார்கள். வலது கால் பூட்ஸ் வரவில்லை. அது அவரோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மிஸஸ் இன்ஸ்கிப் வீட்டில் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், அவள் வீட்டுக்காரரின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு தட்டு சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டோம். நால்வரும் சேர்ந்து சிரிலின் நினைவாக ஒரு கிளாஸ் ஷெரி ஒயின் குடித்தோம். நத்தைக் கதையைச் சொன்னேன். இந்த ஊர்க்காரர் இப்படித்தான் இருப்பார் என்று மிஸஸ் இன்ஸ்கிப் சொன்னாள்.

நடந்தது இதுதான், ஒன்றையும் மறைக்கவில்லை. உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். வருத்தப்படாதீர்கள் மதினி. சேறு ஒன்றும் கெட்ட பெயர் இல்லை. நான் அதில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன், ஒருவரும் சாகவில்லை. பாலத்தில் நின்ற முன்னோர் இல்லாமல் போனாலும், அந்தக் கதையைச் சொல்லித் தம்பியைத் தைரியப்படுத்திய அக்கா இருந்தது நிஜம், அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன், நாற்பத்து மூன்று வருஷத்தில் நான் உங்களிடம் எதையும் கேட்டதில்லை. கல்லில் வாள் வேண்டாம். தலையும் வேண்டாம். சிரில் ஸ்லாட்டர், பூங்காத் தோட்டக்காரர் என்று மட்டும் இருக்கட்டும். பெயருக்கு அர்த்தம் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால், நம் ஊர் சேற்று நிலம் என்று பொறித்து ஒரு சாமந்தியைப் போடலாம். சாமந்தி நன்றாகத் தெரிகிற மாதிரி வெட்டக் கல்தச்சருக்குத் தெரியும், விசாரித்துவிட்டேன்.

அங்கே அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள். கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்கும் பொறுமையையும் தர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்புத் தம்பி மனைவி,
நோரீன் ஸ்லாட்டர்.

பி.கு.: உறையை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். சற்று முன் மிஸ்டர் த்ரப் போன் செய்தார். நான் கொடுத்த விவரத்தை வைத்துக்கொண்டு பழைய பதிவுகளையெல்லாம் தேடினாராம். ஸ்லாட்டர் என்ற குடும்பப் பெயர் அந்த ஊரிலிருந்து மட்டும் வந்ததில்லையாம். எந்த ஊரில் எந்தச் சேற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தாலும் வந்திருக்கலாம், ஒரு முள்மரத்தடியில் குடியிருந்ததாலும் வந்திருக்கலாம், ஆடுமாடு வெட்டுகிற தொழிலாலும் வந்திருக்கலாமாம். "உங்க வீட்டுக்காரர் குடும்பம் இந்தப் பக்கம் வந்ததாவே தெரியலைங்க. பேரைக் கேட்டதும் ஊரைச் சொன்னது என் அவசரம்," என்று மன்னிப்புக் கேட்டார். வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். இனியும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள். ஆக, மேலே எழுதியதில் நம் வம்சத்தைப் பற்றிய ஒன்றும் நிச்சயமில்லை, நம் முன்னோரில் ஒருவரும் அங்கே கால் வைத்ததில்லை போலிருக்கிறது. அதனால் என்ன, உங்கள் தம்பி இப்போது அங்கே இருக்கிறார். ஈஸ்டருக்கு வரும்போது முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வாருங்கள். பெரிலையும் சேர்த்து மூன்று பேருமாக நம் ஊருக்குப் போய்விட்டு வரலாம்.